எனாமலா, அக்ரிலிக்கா? டிஃபையன்ட்டுக்குப் பெயின்ட் அடித்த கதை

போல்டன் பால் டிஃபையன்ட் என்பது இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலாக அதைக் கட்டி முடித்தேன். பெயின்ட் கிட்டத்தட்ட முழுக்க அக்ரிலிக், அதுவும் கை பிரஷ்தான். இதற்கு முன் கட்டிய விமானங்களுக்கெல்லாம் எனாமல். இனி எனாமலுக்குத் திரும்புவதாக இல்லை.

பிரபலமான ஸ்பிட்ஃபயர் இருக்க டிஃபையன்ட் எதற்கு என்றால், நான் கட்டியது பிரிட்டிஷ் விமானப்படையின் 264-வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானம். பின்னாளில் அந்த ஸ்குவாட்ரனுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் வைத்தார்கள். டிஃபையன்ட்டோ, முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூட இல்லாமல், விமானிக்குப் பின்னால் டரட் என்னும் சுழலும் கூண்டில் நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்த வினோதப் பிறவி. 1940 ஆகஸ்டில் பகல் சண்டையில் பலமாக அடிவாங்கி, இரவுச் சண்டைக்கு மாற்றப்பட்டது.

சரி, பெயின்டுக்கு வருவோம். எனாமல் நாறும், அக்ரிலிக் அவ்வளவாக நாறாது. எனாமல் பட்ட பிரஷ்ஷுக்கு டர்பன்டைன் வேண்டும், வலேஹோ பிராண்ட் மாதிரி அக்ரிலிக்குக் குழாய்த் தண்ணீர் போதும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனாமலுக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். மெதுவாகக் காய்வதால் அது தானாகவே பரவிச் சமமாகிவிடும். ஹம்ப்ரால் பிராண்ட் எனாமல் டப்பாவை நன்றாகக் கலக்கி இறக்கையில் ஒரு கோட் அடித்தால் பிரஷ் கோடு அநேகமாகத் தெரியாது. அக்ரிலிக்கில் அந்தச் சௌகரியம் கிடையாது. பால் பதத்துக்கு நீர்த்து மூன்று நான்கு மெல்லிய கோட் கொடுக்க வேண்டும். முதல் கோட்டைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும், கண்டுகொள்ளாமல் மேலே அடிக்க வேண்டியதுதான்.

நான் கட்சி மாறியதற்குக் காரணம் வேறு: மேலே போகிற பூச்சு கீழே இருப்பதைக் கரைக்குமா என்பது. டிஃபையன்ட்டின் மேல்பக்கம் முழுக்க டார்க் எர்த் என்ற பழுப்பு, அதன்மேல் டார்க் கிரீன் திட்டுகள், அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர்நிறம். எனாமலில் டார்க் எர்த் அடித்தால் ஒரு நாளாவது தொடக்கூடாது. அவசரப்பட்டுப் பச்சையை வைத்தால் அதிலிருக்கும் தின்னர் கீழே உள்ள பழுப்பை இளக்கி, இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். அக்ரிலிக்கில் மெல்லிய கோட் அரை மணியில் காய்ந்துவிடும். காய்ந்ததைத் தண்ணீர் அவ்வளவு சுலபமாகக் கரைக்காது.

அப்புறம் வாஷ். விமான உடலின் தகடுகள் சேரும் பேனல் கோடுகளுக்குள் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு, வழிந்ததை டர்பன்டைன் தொட்ட காட்டன் பட்ஸால் துடைப்போமே, அது. வாஷ் பெரும்பாலும் எனாமல் அல்லது ஆயில் பெயின்ட்தான். கீழே இருப்பதும் எனாமல் என்றால் அதே டர்பன்டைன் கேமஃப்ளாஜையும் சேர்த்துத் துடைத்துவிடும். நடுவில் அக்ரிலிக் வார்னிஷ் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் வார்னிஷ் படாத மூலை ஒன்று எப்படியும் இருக்கும். கீழே அக்ரிலிக் என்றால் இந்தப் பயம் பெருமளவு போய்விடும். இறக்கை வேர் அருகே வாஷ் அதிகமாகிவிட்டது என்று அங்கே மட்டும் மூன்று தடவை துடைத்து மறுபடி விட்டேன், டார்க் எர்த் அசையவில்லை.

டரட் கண்ணாடியிலும் இதே லாபம். சட்டங்கள் நூல் மாதிரி ஒல்லி, கையால் அடித்தால் பெயின்ட் கண்ணாடியில் ஏறாமல் இருக்காது. ஏறியதைக் காயவிட்டு, நுனி சீவிய பல்குச்சியை நனைத்துச் சுரண்டினால் அக்ரிலிக் சுருளாக உரிந்து வருகிறது, கண்ணாடியில் கீறல் விழுவதில்லை.

அதே உரியும் குணம் வேறு இடத்தில் வம்பு. பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கில் வலேஹோ அடித்து, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால், டேப்போடு பெயின்டும் வந்துவிடும். பிரைமர் கட்டாயம். டாமியாவின் பாட்டில்களும் அக்ரிலிக்தான், ஆனால் ஆல்கஹால் கலந்தவை. இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கிளறிவிடுவதால் கை பிரஷ்ஷுக்கு அவற்றைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஏர்பிரஷ்ஷில் இந்தக் கணக்கு மாறலாம். நான் அதைத் தொட்டது கொஞ்சம்தான், தீர்ப்புச் சொல்லுமளவு பழக்கமில்லை. எனாமல் டப்பாக்களில் உலோக நிறங்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அவைதான் இன்னும் எனக்குப் பிடித்திருக்கின்றன.