குமரியில் ஹூட் மடக்கிய பழைய காருக்கு எந்தச் சாலை? நான்கு வழிகள், மதிப்பெண்ணுடன்

ஹூட், அதாவது துணிக் கூரை, மடக்குகிற பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு குமரி மாவட்டத்தில் எங்கே ஓட்டலாம் என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் கடற்கரைச் சாலையைத்தான் கைகாட்டுவார்கள். படம் எடுக்க அது சரி. காரின் தகடு, பிரேக், ஹூட், ஓட்டுகிறவரின் பிடரி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தச் சாலை மூன்றாம் இடத்துக்குத்தான் வருகிறது. முதலிடம் மலையடிவாரத்துக்கு.

அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மதராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த வண்டி. முதலில் 948 சிசி, பிறகு 1147 சிசி எஞ்சின். மோரிஸ் மைனர் டூரர், திறந்த வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பாலானது பொருந்தும். ஹெரால்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்). மேல்கூரை போல்ட் போட்டுப் பூட்டியது. கூரையைக் கழற்றினாலும் பாடி வளையாது. அம்பாசடரும் ஃபியட் 1100-உம் அப்படியல்ல. அவற்றில் கூரையும் சேர்ந்துதான் பாடியைத் தாங்குகிறது. கூரையை வெட்டி 'கன்வெர்ட்டிபிள்' ஆக்கிய வண்டியை ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில் நிற்கிற மாதிரி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினாலோ பூட்டு விழ மறுத்தாலோ அந்த வண்டி மலைச் சாலைக்கு ஆகாது. வெட்டிய கூரை ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் வண்டிகளுக்கான 'விஏ' வரிசை நம்பர் வாங்கியிருந்தால், அன்றாட ஓட்டத்துக்கு அந்த வண்டியை எடுக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதலிடம்: வடசேரி – பூதப்பாண்டி – தடிக்காரன்கோணம் – கீரிப்பாறை. 10க்கு 9.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து புத்தேரி, இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை. ஒரு வழி 30 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பழைய எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்த தூரம் இது. சூடேறி, எண்ணெய் இளகி, வண்டி நன்றாக ஓடத் தொடங்கும்போது மலை வந்துவிடும். அலுப்புத் தட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

காலை 6 மணிக்குக் கிளம்பினால் வடசேரியில் பஸ் நெரிசல் சேர்ந்திருக்காது. பாதை பொதுவாக வடக்கு நோக்கிப் போவதால் வெயில் வலது காதில்தான் விழும், கண்ணில் அல்ல. இறச்சகுளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நாஞ்சில் நாட்டு வயல். கன்னிப்பூவோ கும்பப்பூவோ, இங்கத்திய இரண்டு நெல் போகங்களில் ஒன்று, கதிர் பிடித்து நிற்கிற மாதமாகப் பார்த்துப் போனால், தலைக்கு மேல் கூரை இல்லாததன் பலன் அங்கேயே கிடைத்துவிடும். எதிரே தாடகை மலை படுத்துக் கிடக்கும். மூடிய காரில் போகிறவர் அதைக் கண்ணாடி அளவுக்குத்தான் பார்ப்பார்.

தடிக்காரன்கோணத்துக்கு அப்புறம் ரப்பர். இங்கே சாலை குறுகும், வளையும், லேசாக ஏறும். மூன்றாம் கியரில் 35, 40 கிலோமீட்டர் வேகம் போதும். விடிகாலையில் பால்வெட்டு நடக்கும் நேரமென்பதால் வளைவுகளில் வாளியோடு நடந்தும் சைக்கிளிலும் ஆள் வருவார்கள், ஹாரன் அடித்தே திரும்புங்கள். ஹெரால்டின் திருப்பு வட்டம் 25 அடிதான். எதிரே பஸ் வந்து ஒதுங்க இடமில்லாமல் போனால், இன்றைய கார்கள் மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடுகிற இடத்தில் இது ஒரே திருப்பில் வந்துவிடும்.

ஆனால் அதே ஹெரால்டின் பின் ஆக்சிலில் ஒரு குணக்கேடு. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வெளியே வீசும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளைவில் காலை லேசாக மிதித்தபடி போவதுதான் முறை. பின் டயரில் முன் டயரைவிடக் காற்று கூடுதலாக இருக்க வேண்டும். பம்ப் பையனிடம் சொல்லாவிட்டால் நாலுக்கும் ஒரே அளவாக அடித்துவிடுவான்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து ரப்பர் இலை உதிரும். மரங்கள் மொட்டையாக நிற்கும் வாரங்களில் நிழலை எதிர்பார்த்துப் போனால் உச்சந்தலையில் வெயில். புதுத் தளிர் வந்த பிறகு போனால் மொத்தத் தோட்டமும் செம்பு நிறத்தில் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் ரப்பர்க்காய் வெடிக்கும். பட்டென்று சத்தத்தோடு விதை தெறித்து விழும். பானட்டில் விழுந்தால் சின்னப் புள்ளி, மண்டையில் விழுந்தால் நல்ல வலி. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இரண்டு மாதமும் தொப்பி போடலாம்.

ஒரு மதிப்பெண் குறைந்தது கடைசிப் பகுதிக்காக. கீரிப்பாறையைத் தாண்டிக் காளிகேசம் போகும் வழி வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு உட்பட்டது. யானை நடமாட்டம் உள்ள காட்டுக்குள் கூரையில்லாத வண்டியில் போவது தைரியம் ஆகாது. கீரிப்பாறையிலேயே வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இரண்டாமிடம்: குலசேகரம் – திற்பரப்பு – பேச்சிப்பாறை. 10க்கு 7.

அழகில் கீரிப்பாறைக்குக் குறைந்ததில்லை. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பை மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேர்த்துப் பார்ப்பதற்கு இந்த மாவட்டத்தில் இணை கிடையாது. வழியில் கொஞ்சம் விலகினால் மாத்தூர் தொட்டிப்பாலமும் உண்டு. 100 அடிக்கு மேல் உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம். மதிப்பெண்ணைக் குறைப்பது அங்கே போய்ச் சேரும் வழி. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வரை தேசிய நெடுஞ்சாலை 66. காலை 8 மணிக்கு மேல் அதில் போனால் நிற்பதும் நகர்வதுமாகவே பொழுது போகும். டைனமோ வைத்த பழைய வண்டி ஐட்லிங்கில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. ரேடியேட்டருக்குக் காற்றும் கிடைக்காது. சூட்டுமுள் ஏறினால் எஞ்சினை அணைத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கை வெந்துவிடும், அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். சூட்டில் பெட்ரோல் பம்ப் அடைத்துக்கொண்டு வண்டி இழுத்து நின்றால், ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பெரும்பாலும் அதுவே தீர்த்துவிடும்.

இந்த வழியின் உண்மையான பரீட்சை இறக்கத்தில் இருக்கிறது. குலசேகரம் பக்கத்துச் சாலைகள் ஏறி இறங்கி ஏறி இறங்கியே போகும். நாலு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஒவ்வொரு இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே வந்தால், ஐந்தாவது ஆறாவது மிதியில் பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. கருகிய வாடையும் வரும். லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போனதன் அடையாளம் அது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் முனகினாலும் பரவாயில்லை. வாடை வந்துவிட்டால் நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது, விரிசல் விழும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்த பிறகு பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். நூறு மீட்டர் லேசாக மிதித்தபடியே ஓட்டினால் லைனிங் காய்ந்துவிடும்.

தக்கலைப் பக்கம் போகும்போது பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விடுமுறை.

மூன்றாமிடம்: கன்னியாகுமரி – மணக்குடி – முட்டம். 10க்கு 6.

காட்சிக்கு மட்டும் என்றால் 10க்கு 10. 2004 சுனாமி பெயர்த்துப்போட்ட பிறகு திரும்பக் கட்டிய மணக்குடிப் பாலத்தில், பழையாறு கடலில் சேரும் இடத்தில், வண்டியை மெதுவாக விட்டால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல். சொத்தவிளை, ராஜாக்கமங்கலம் தாண்டி முட்டத்துச் செம்மண் மேடும் கலங்கரை விளக்கும். காலையில் மேற்கே போனால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆனால் கடல் இடது பக்கம், அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. ஓட்டுகிறவருக்குக் கடல் வேண்டுமென்றால் முட்டத்திலிருந்து கிழக்கே திரும்பி வர வேண்டும். அதைச் சாயங்காலம் வைத்துக்கொண்டால் வெயில் அப்போதும் முதுகில்தான்.

குறை, மணல். இந்தக் கரையோர மணல் ஆற்று மணலைப் போன்றதல்ல. இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்தது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கார்னெட். காற்றில் வந்து பெயின்டில் படிந்த அதை உலர்ந்த துணியால் ஒரே ஒரு தடவை துடைத்துப் பாருங்கள், வெயிலில் சிலந்திவலைபோல் கோடு தெரியும். முதலில் தண்ணீரை மேலிருந்து ஓடவிட்டு மணலை இறக்கிவிட வேண்டும், துணி அதற்கப்புறம்தான். வீடு வந்த அன்றே அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஹெரால்டில் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் முனையில்தான் உப்பு தங்கும், துரு அங்கேதான் தொடங்கும். ஹோஸை அங்கே பிடிக்காமல் பானட்டை மட்டும் பளபளவென்று வைத்திருப்பதில் பிரயோஜனமில்லை. ஹூட்டின் பின்னால் உள்ள மைக்கா ஜன்னலிலும் இதே மணல் சிக்கும். மடிக்கும்போது இடையில் ஒரு பழைய பருத்தித் துணியை வைத்து மடியுங்கள், இல்லாவிட்டால் ஒரே சீசனில் பால்போல் மங்கிவிடும்.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மேற்கே ஓட்டும்போது காற்று முன்கண்ணாடியைத் தாண்டிச் சுருண்டு பின்னாலிருந்து பிடரியில் அடிக்கும். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டைப் படுதாவால் மூடினால் பாதி குறையும்.

கடைசி: தோவாளை – ஆரல்வாய்மொழி – முப்பந்தல். 10க்கு 3.

காற்றாலைகளுக்கு நடுவே திறந்த காரில் போவது கேட்க நன்றாக இருக்கிறது. கணவாய் வழியாக மேல்காற்று பிழிந்துகொண்டு வருவதால்தான் அங்கே காற்றாலையே நட்டார்கள். அம்மியே பறக்கும் ஆடியில் ஹூட் எம்மாத்திரம்? மடக்கி வைத்தாலும் வார் போட்டுக் கட்டாவிட்டால் அடியில் காற்றுப் புகுந்து தூக்கும். ஏற்றி வைத்தால் பலூன்போல் உப்பி முன்பக்கக் கிளிப் கழன்றுகொள்ளும். லாரி ஒன்று கடந்து போகும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும்போது, எடை குறைந்த வண்டி ஒரு முழம் தள்ளிப் போகும். போயே ஆக வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் காலைகளில் போகலாம். திரும்பும்போது தோவாளையில் பூ வாங்கிக்கொள்ளலாம்; அதற்குத்தான் அந்த மூன்று மதிப்பெண்.

எந்த வழியானாலும் டிக்கியில் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட் ஒன்று, எஞ்சினின் தீப்பொறிக்கான கண்டென்சரும் பாயின்ட் செட்டும், 5 லிட்டர் தண்ணீர், பெட்ரோல் ஃபில்டர் இரண்டு. இப்போது பம்பில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து இளக்கிவிடும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த கசடையும் கிளப்பிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிய பிறகும் முதல் சில நூறு கிலோமீட்டர் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும், மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். மழையில் நனைந்த ஹூட்டை ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். நிழலில் ஏற்றி வைத்துக் காயவிடுங்கள்.

நிழல் என்றதும் தென்னந்தோப்பு ஞாபகம் வரும். ஈத்தாமொழித் தேங்காய்க்குப் பெயர்போன மாவட்டம் இது. ஹூட் மடக்கிய வண்டியைத் தென்னையடியில் நிறுத்தாதீர்கள். புளியமரம் எங்கேயாவது இருக்கும், தேடுங்கள்.