பதினேழு இன்ச்சிலிருந்து பதினைந்துக்கு: என் 124 பென்ஸின் வீல், டயர் அனுபவம்

1996 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் இ220 ஒன்றை 2016 கடைசியில் வாங்கினேன். கோயம்புத்தூர் வண்டி, நான் இரண்டாவது கை. கம்பெனி இந்த மாடலுக்கு வைத்த உள் எண் 124, அதனால் மெக்கானிக்குகள் வாயில் இது '124 பாடி'. பென்ஸ் கம்பெனி இந்தியாவுக்கு வந்து, 1995-இல் புனேயில் வைத்து முதன்முதலாக அசெம்பிள் செய்த கார் இதுதான். வாங்கும்போது மீட்டரில் 1,42,000 கிலோமீட்டர். இன்று 2,11,000. இடைப்பட்ட 69,000 கிலோமீட்டரில் வீலுக்கும் டயருக்கும் நான் செலவு செய்த நேரமும் யோசனையும் எஞ்சினுக்குக்கூடச் செய்ததில்லை. இந்த வண்டியை வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

வாங்கியபோது வண்டியில் 17 இன்ச் அலாய் போட்டிருந்தது. ரிம் 7.5 இன்ச் அகலம், 225/45 டயர் (அதாவது டயர் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம்; பின்னால் வரும் ஆர்15, ஆர்17 ரிம்மின் இன்ச் அளவு). பார்க்க நன்றாகவே இருந்தது. முதல் உரிமையாளர் விவரம் இல்லாமல் போட்டுவிடவும் இல்லை. கம்பெனி அளவான 195/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் 634 மி.மீ. சொச்சம். 225/45 ஆர்17-ம் கிட்டத்தட்ட அதேதான். அதனால் ஸ்பீடோமீட்டர் சரியாகவே காட்டியது. வித்தியாசம் உள்ளே இருந்தது. 195/65-இன் பக்கச்சுவர் 127 மி.மீ. உயரம், 225/45-க்கு 101 மி.மீ. அந்த ஓர் இன்ச் ரப்பர் போய், அந்த இடத்தில் உலோகம் வந்துவிட்டது.

ஓர் இன்ச்தானே என்று நானும் நினைத்தேன். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பாலத்தின் இணைப்பு உண்டு, சின்ன பள்ளம்தான். ஒவ்வொரு முறையும் அதில் ஏறும்போது கதவுப் பலகைக்குள் எதுவோ உதறும். 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் ஓர் ஆட்டம். பேலன்சிங் செய்தால் பத்து நாள் நிற்கும், அப்புறம் மறுபடியும் வரும். ஒரு வருடத்தில், 9,000 கிலோமீட்டருக்குள், முன்சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் இரண்டும் போயின. பாலக்காட்டுப் பக்கம் ஒரு மழை நாளில் தண்ணீர் மூடிய குழியில் விட்டு ஒரு ரிம் பெண்டு ஆனது. பெண்டு எடுத்துப் போட்டேன். மூன்று வாரத்தில் அதே ரிம்மின் உள்விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

அப்போது சிங்காநல்லூரில் பழைய பென்ஸ்களை மட்டும் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. கால்ல போட்டிருக்கிற செருப்புதான் சேரலை" என்றார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் பிறகுதான் பிடிபட்டது. 124-இன் பின்பக்க சஸ்பென்ஷனில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாமே உயரமான பக்கச்சுவர் கொண்ட டயரை மனதில் வைத்துக் கணக்குப் போட்டவை. சின்ன அதிர்வை முதலில் டயர் விழுங்க வேண்டும், மிச்சத்தைத்தான் ஸ்பிரிங் வாங்க வேண்டும். டயரை மெலிதாக்கினால் அதன் வேலை புஷ் தலையில் விழுகிறது. பழைய சொகுசுக் காரின் சொகுசு சீட்டில் இருப்பதைவிட டயரில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆக, 15 இன்ச்சுக்குத் திரும்புவது என்று முடிவு செய்தேன். புது அலாய் விற்கும் கடைகளில் முதலில் கேட்டேன். ஒரு கடையில் ஐந்து போல்ட் அலாய் ஒன்றை எடுத்துவைத்து "இது உட்காரும் சார்" என்றார்கள். அது இன்னோவா, சிவிக் வண்டிகளுக்கான 5 × 114.3. பென்ஸுக்கு வேண்டியது 5 × 112. அதாவது ஐந்து போல்ட்டும் 112 மி.மீ. விட்ட வட்டத்தில் இருக்க வேண்டும். 2.3 மி.மீ. தானே, முடுக்கினால் ஏறிவிடும் என்பார்கள். ஏறும். ஆனால் போல்ட் நேராக உட்காராது, ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு நிற்கும், ஓட ஓடத் தளரும். உயிரோடு விளையாடுகிற வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள். பிற்கால ஆக்டேவியா போன்ற வண்டிகளின் வீலில் 112 சரியாக இருக்கும், ஆனால் நடு ஓட்டை 57.1 மி.மீ. பென்ஸ் ஹப் (வீல் உட்காரும் நடுப்பாகம்) 66.6. நுழையவே நுழையாது. லேத்தில் கடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்று சொன்னவர்களும் உண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வண்டியில் வீலை நடுவில் நிறுத்துவதே அந்த 66.6 வளையம்தான். என் ஸ்டியரிங் ஆட்டத்துக்கும் காரணம் அங்கேதான் இருந்தது: பழைய 17 இன்ச் அலாயின் ஓட்டை 73 மி.மீ., இடைவெளியை அடைக்க வைத்த பிளாஸ்டிக் வளையங்களில் இரண்டு விண்டுபோயிருந்தன.

கடைசியில் புதுப்பேட்டை. பழைய உதிரிபாகம் என்றால் சென்னையில் வேறு எங்கே போவது? மூன்று சனிக்கிழமை அலைந்தேன். முதல் நாள் கிடைத்தவை 124-க்கு அடுத்து வந்த 210 பாடியின் 16 இன்ச் வீல்கள். பென்ஸ் வீல்தான், 112-தான், ஆனால் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் தள்ளி இருக்கும் தூரம், மி.மீ. கணக்கில்) 41. என்னுடையதற்கு 6.5 இன்ச், ஆஃப்செட் 48. கணக்குப் போட்டுப் பார்த்தால் வீல் ஏறக்குறைய 20 மி.மீ. வெளியே வந்து நிற்கும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டியும் இருந்தால் மட்கார்டு விளிம்பில் உரசுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை, ஒரு கடையின் மாடியில், கியர்பாக்ஸ் குவியலுக்குப் பின்னால் எட்டு ஓட்டை அலாய் நான்கு இருந்தன. பிற்கால 124-களில் கம்பெனியே போட்ட டிசைன். கடைக்காரர் துணியால் ஒன்றைத் துடைத்து முன்பக்கத்தைக் காட்டினார். நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வார்ப்பிலேயே மூன்று முனை நட்சத்திரமும், '6.5 ஜே × 15 எச்2' என்பதும், ஆஃப்செட்டைக் குறிக்கும் 'ஈடி 48' என்பதும் இருந்தன. எச்2 என்றால் ரிம்மின் உட்புறம் இரண்டு பக்கமும் சின்னத் திட்டு உண்டு என்று பொருள். காற்று குறைந்தாலும் டியூப்லெஸ் டயரின் விளிம்பு நழுவிவிடாமல் அந்தத் திட்டு பிடித்துக்கொள்ளும். நான்கையும் பேலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டினால்தான் வாங்குவேன் என்றேன். "அண்ணே, இத்தன வருசத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல" என்றார், ஆனால் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். மூன்று நேராக ஓடின. நான்காவதின் உள்விளிம்பு லேசாக ஆடியது. மூன்றை எடுத்துக்கொண்டு, நான்காவதற்கு அவரிடமே ஐந்து வாரம் காத்திருந்தேன்.

வீல் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. போல்ட் என்று ஒரு விஷயம் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. பென்ஸில் நட் கிடையாது. எம்12 போல்ட் நேராக ஹப்பில் இறங்கும். கம்பெனி வீலுக்கான போல்ட்டின் தலைக்கு அடிப்பாகம் பந்து போல உருண்டையாக இருக்கும். வெளிச்சந்தை அலாய்க்கு வருபவை பெரும்பாலும் கூம்பு வடிவம். என் பழைய 17 இன்ச்சோடு வந்தவை கூம்பு. அவற்றையே எட்டு ஓட்டை அலாயில் போட்டிருந்தால் உருண்டைக் குழியில் கூம்பு நுனி மட்டும் ஒட்டி நின்றிருக்கும். இருபது உருண்டை போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்கினேன், இதில் மிச்சம் பிடிக்க நினைக்கவில்லை.

நீளமும் முக்கியம். அலாய் தடிமனானது, நீள போல்ட் வேண்டும். இரும்பு வீல் மெலிது, குட்டை போல்ட் போதும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி இரும்பு வீல் என்றால் அதற்கென்று ஐந்து குட்டை போல்ட் தனியாக இருக்க வேண்டும். அலாயின் நீள போல்ட்டை இரும்பு வீலில் முறுக்கினால், நுனி ஹப்பைத் தாண்டி உள்ளே போய்ப் பின்சக்கரத்தில் ஹேண்ட்பிரேக் பாகங்களில் இடிக்கும். ராத்திரி நடுரோட்டில் பஞ்சர் ஆகும்போது இது தெரிந்து பயனில்லை. இன்றைக்கே டூல் பையைத் திறந்து பாருங்கள். அதிலேயே ஓர் ஊசி மாதிரி கம்பியும் இருக்க வேண்டும். மேல் ஓட்டையில் அதைத் திருகி, வீலை அதில் தொங்கவிட்டு மற்ற போல்ட்டைப் போடலாம். அது இல்லாமல் வீலைக் காலால் தாங்கிக்கொண்டு ஓட்டையைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது மாட்டியவர்களுக்குத் தெரியும்.

முறுக்கு 110 நியூட்டன் மீட்டர். ஒரு டயர் கடையில் ஏர் கன் வைத்து 'கர்ர்' என்று ஏற்றி, ஒரு ஹப்பின் மரையையே கெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டார்க் ரெஞ்ச் என் டிக்கியிலேயே இருக்கிறது. கடைப் பையன்களிடம், "தம்பி, கையால மாட்டி விடுங்க, முறுக்குறத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இனி டயர். 195/65 ஆர்15 நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் அளவு, பழைய சிவிக்கும் ஆக்டேவியாவும் ஓடியது அதில்தான். கொஞ்சம் அகலம் வேண்டும் என்பவர்கள் 205/60 போடலாம், மொத்த உயரம் 7 மி.மீ. தான் குறையும். இன்னோவாவின் 205/65-ஐப் போட்டால் வண்டி தூக்கலாக நிற்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது 13 மி.மீ. பெரிது. மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 102-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அளவுக்குப் பக்கத்தில் 91வி என்று இருக்கிறதா பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை.

தேதியையும் பார்த்தே வாங்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2017-இல் ஒரு கடையில் "புது ஸ்டாக்" என்று எடுத்து வைத்த டயரில் 3113 என்று இருந்தது, 2013-ஆம் வருடம் 31-ஆவது வாரம். நம் வெயிலில் குடோனில் நாலு வருடம் கிடந்த ரப்பர். இது போன்ற பழைய கார்கள் வருடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். டயர் பட்டன் (ரோட்டைத் தொடும் மேல் ரப்பர்) தேய்வதற்கு முன்னால் ரப்பர் இறுகிவிடும். நமக்குக் கிலோமீட்டரைவிட வயதுதான் கணக்கு.

முதல் செட், உறுதிக்குப் பேர்போன ஒரு கம்பெனியின் டயர், 2017-இலிருந்து 2020 வரை 24,000 கிலோமீட்டர். தேய்மானம் குறைவு, பஞ்சரே இல்லை. ஆனால் பக்கச்சுவர் விறைப்பு, சிமென்ட் ரோட்டில் ஒரே இரைச்சல். மூன்றாம் வருடம் மழையில் பிரேக் அடித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பிடித்தது. பட்டன் பாதிக்கு மேல் இருந்தும் கழற்றிவிட்டேன். இரண்டாவது செட் மிச்செலின். விலை கூடுதல்தான். அன்று சாயங்காலமே எல் அண்ட் டி பைபாஸில் ஓட்டியபோது வண்டியே வேறு. பின்சீட்டில் இருந்த அம்மா, பேச்சை நிறுத்திவிட்டு, "என்னடா, எஞ்சின் ஆஃப் ஆயிருச்சா?" என்று கேட்டார்கள்.

அந்த செட் இன்றுவரை 36,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோத்தகிரி மலைப்பாதையில் ஏழு முறை ஏறி இறங்கியாகிவிட்டது. திருப்பத்தில் வண்டி கொஞ்சம் சாயும், 17 இன்ச்சின் கூர்மை இருக்காது. அதை இழப்பாக நான் நினைக்கவில்லை. 15-க்கு மாறிய பிறகு இத்தனை வருடத்தில் பால் ஜாயிண்ட் மாற்றவில்லை, பாலத்து இணைப்பில் கதவு உதறுவதும் இல்லை. காற்று முன்னால் 30, பின்னால் 32. பெட்ரோல் மூடியின் உட்பக்கம் கம்பெனி ஒட்டிய அட்டவணை இருக்கும், உங்கள் வண்டியில் அது கிழிந்திருக்காவிட்டால் அதையே பின்பற்றுங்கள்.

போன மாதம் ஒரு டயரின் பக்கச்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது மெல்லிய வெடிப்புக் கோடுகள் தட்டுப்பட்டன. வயது ஐந்தாகிறது. மழைக்கு முன்னால் நான்கையும் மாற்றிவிடுவேன், அளவு அதே 195/65 ஆர்15. புதுப்பேட்டைக்காரரிடம் ஸ்டெப்னிக்காக ஐந்தாவது எட்டு ஓட்டை அலாய் ஒன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.