பெரம்பூர் ஞாயிறு கிரேக்கத் தத்துவ வகுப்பு: இரண்டாம் வாரத்துக்காகவே சேரலாம்

துணிவுக்கும் அறிவுக்கும் என்ன உறவு? இந்த ஒரே கேள்வியை நான்கு ஞாயிறு, வாரம் இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். மூலநூல் பிளேட்டோவின் ‘லாக்கெஸ்’. பிள்ளைகளை ஆயுதச் சண்டைப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று இரண்டு அப்பாக்கள் நிக்கியாஸ், லாக்கெஸ் என்ற இரு தளபதிகளிடம் யோசனை கேட்பதில் அது தொடங்குகிறது. தெருவுக்கு நாலு பேர் பாக்ஸிங் பேசுகிற வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான நூல் கிடைக்காது.

முதல் வாரம் சுமார். அணியில் நின்று ஓடாமல் போரிடுபவனே துணிந்தவன் என்கிறார் லாக்கெஸ். பின்வாங்கிக்கொண்டே போரிடும் சித்தியர் என்ற குதிரைவீரக் கூட்டத்தையும், கி.மு. 479இல் பிளட்டேயா போரில் பின்வாங்கி, பிறகு திரும்பி ஜெயித்த ஸ்பார்ட்டர்களையும் காட்டி சாக்ரடீஸ் அதை உடைக்கிறார். இதற்கு அரை மணி நேரமே அதிகம்.

இரண்டாம் வாரம்தான் கொடுத்த காசுக்கு வகுப்பு. துணிவு என்பது அறிவோடு கூடிய மன உறுதி என்று லாக்கெஸ் ஒப்புக்கொண்ட பிறகு, நீச்சல் வித்தை தெரியாமல் கிணற்றில் குதிப்பவனா, தெரிந்து குதிப்பவனா, யார் துணிந்தவன் என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தெரியாதவன்தான் என்கிறார் லாக்கெஸ். அறிவோடு கூடியதே துணிவு என்று ஒப்புக்கொண்டவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். பயிற்சியே இல்லாமல் ரிங்கில் ஏறுகிறவனை வைத்து ஆசிரியர் இதை விளக்கியதும் கூடம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அடுத்து பிளேட்டோவின் இன்னொரு நூலான ‘புரொட்டகோரஸ்’ பக்கங்களைக் கையில் தருகிறார். அதே கிணறு அங்கே எதிர்த்திசையில் பயன்படுகிறது: வித்தை தெரிந்தவனுக்கே தைரியம் (பயமில்லாமல் இறங்கும் மனம்) அதிகம், ஆகவே அறிவே துணிவு. துணிந்தவர்களுக்குத் தைரியம் உண்டு என்றுதான் ஒப்புக்கொண்டேன், தைரியமுள்ள எல்லாரும் துணிந்தவர்கள் என்று எப்போது சொன்னேன் என்கிறார், அதில் சாக்ரடீஸோடு வாதிடும் புரொட்டகோரஸ். பலரும் தாண்டிப் போகிற இந்த மறுப்பை வரி வரியாகப் படிக்க வைக்கிறார்கள்.

மூன்றாம் வாரத்தில்தான் சறுக்கல். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்ற அறிவே துணிவு என்கிறார் நிக்கியாஸ். உடனே “அஞ்சுவது அஞ்சாமை பேதைமை” குறளைச் சொல்லி, இரண்டும் ஒன்றே என்று ஆசிரியர் முடித்துவிடுகிறார். கைதட்டல் கிடைக்கிறது, பாடம் போய்விடுகிறது. அந்தக் குறள் இருப்பது அறிவுடைமை அதிகாரத்தில். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவாளியின் வேலை என்கிறதே தவிர, துணிவுக்கு இலக்கணம் சொல்லவில்லை. அதோடு நிக்கியாஸின் விடையும் நூலில் தோற்கிறது. அச்சம் வரப்போகும் தீமையைப் பற்றியது; ஆனால் நன்மை தீமை அறிந்தவனுக்கு முக்காலத்துக்கும் அறிவு ஒன்றுதான். அப்படியானால் நிக்கியாஸ் சொன்னது முழு நற்குணத்துக்கும் இலக்கணமாகிவிடுகிறது. அதன் ஒரு பகுதியான துணிவு கையில் அகப்படவில்லை. இந்தப் படியை விட்டால் நூல் ஏன் விடையில்லாமல் முடிகிறது என்பதே புரியாது. தளபதிதான் குறிசொல்பவனுக்கு மேல் என்று சாக்ரடீஸ் இதே நிக்கியாஸிடம் சொல்லும் இடமும் போச்சு. கி.மு. 413இல் சிசிலியில் சந்திர கிரகணம் கண்டு, குறிசொல்பவர்கள் பேச்சைக் கேட்டுப் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டு, படையோடு அழிந்தவர் நிக்கியாஸ். பிளேட்டோவின் வாசகர்களுக்கு அது தெரிந்த கதை.

நான்காம் வாரம் அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’, ஒரே ஓட்டம். அனுபவமுள்ள கூலிப்படை ஆபத்து மிஞ்சினால் முதலில் ஓடும், குடிமக்கள் படை நின்று சாகும் என்ற பகுதி நன்றாக வந்தது. நடைமுறை அறிவு இல்லாமல் நற்குணம் இல்லை, ஆனால் நற்குணமே அறிவு என்று சாக்ரடீஸ் சொன்னது தவறு என்ற ஆறாம் புத்தக வாதம் ஐந்து நிமிடத்தில் பறந்தது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் துணிவைச் சலவையிலும் வெளுக்காத சாயத்தோடு ஒப்பிடும் இடத்தை எடுக்கவே இல்லை. வண்ணாரப்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை விட்டது அநியாயம்.

கொடுக்கும் ஜெராக்ஸில் ஸ்டெஃபானஸ் பக்க எண்கள் (எந்த மொழிபெயர்ப்பிலும் பிளேட்டோவின் ஒரே இடத்தைக் காட்டும் பொது எண்கள்) இல்லை. ஆளுக்கொரு மொழிபெயர்ப்போடு வருவதால் இடம் தேடியே நேரம் போகிறது. எண் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்கி, ‘லாக்கெஸ்’ 190 முதல் 199 வரை, ‘புரொட்டகோரஸ்’ 349 முதல் 351 வரை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். மூன்றாம் வாரம் 198ஐத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். கேட்டால் ஆசிரியர் பொறுமையாகவே பதில் சொல்கிறார்.