செட்அப்டூல்ஸும் ஊரார் பதிப்பு எண்ணும்

பழைய உபுண்டு சர்வர் ஒன்றில், பைத்தான் பேக்கேஜ்களைக் கட்ட உதவும் செட்அப்டூல்ஸை அப்டேட் செய்ததும் பில்ட் படுத்துவிட்டது. 'இன்வேலிட் வெர்ஷன்: 1.1பில்ட்1' என்று ஒரு எர்ரர். அது என் பேக்கேஜின் பதிப்பு இல்லை, நான் கேட்ட எந்த லைப்ரரியுடையதும் இல்லை. உபுண்டுவோடு வரும் டிஸ்ட்ரோ-இன்ஃபோவுடையது. என் பில்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

காரணம் தெரிந்ததுதான். எங்கள் ஸ்கிரிப்ட் இம்போர்ட் செய்யும், செட்அப்டூல்ஸோடு வந்த பிகேஜி ரிசோர்சஸ் என்ற மாட்யூல், மெஷினில் கிடக்கும் பேக்கேஜ்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிடும். 2023 ஜனவரியில் செட்அப்டூல்ஸின் 66ஆம் பதிப்பு வருவதற்கு முன், புரியாத எண்ணை 'லெகசி வெர்ஷன்' என்று ஓரமாக வைத்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு, பதிப்பு எண்களை எப்படி எழுத வேண்டும் என்று பைத்தான் வகுத்த பெப் 440 விதிக்குள் அடங்காத எண் கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடும். எவரோ வைத்த எண்ணுக்கு என் பில்ட் பலி.

நியாயமாகப் பேசினால், அந்தப் பழைய தாராளமும் ஆபத்துதான். லெகசி என்று முத்திரை விழுந்த எண், ஒழுங்கான எந்த எண்ணைவிடவும் சிறியதாகிவிடும். அதாவது 2.0உபுண்டு1 என்பது 0.1-ஐவிடப் பழசு! சத்தமில்லாமல் தப்பான பதிப்பு ஏறுவதைவிட, நின்று கத்துவது மேல். விதியும் ஒன்றும் கறார் இல்லை. முன்னால் 'வி' இருந்தால் கண்டுகொள்ளாது, 1.0-பீட்டா2 என்று கொடுத்தால் 1.0பி2 என்று தானே திருத்திக்கொள்ளும். நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு 1.1+பில்ட்1 என்று எழுதியிருந்தால் அதுவும் செல்லும். ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான்!

சரி, நிற்கட்டும். ஆனால் யாரால் நின்றது என்று சொல்ல வேண்டாமா? ஆரம்பத்தில் வந்த எர்ரரில் பேக்கேஜின் பெயரே இருக்காது. பிறகுதான் சேர்த்தார்கள். அதற்குள் ஒவ்வொரு பேக்கேஜின் பெயரும் பதிப்பும் எழுதியிருக்கும் மெட்டாடேட்டா ஃபைல்களில், கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டுத் தேடியவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும்.

சிஸ்டம் பேக்கேஜ்கள் கண்ணில் படாத தனி பைத்தான் சூழலான வெர்ச்சுவல் என்வ் போட்டால் தொல்லை விட்டது. அந்த சர்வரில் அதற்கு வழியில்லை, செட்அப்டூல்ஸை 66-க்குக் கீழான பதிப்பிலேயே நிறுத்தி வைத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு நல்லதும் சொல்லிவிட்டு, புதிதாகத் தொடங்கும் நண்பர் கேட்டபோது, இதே வேலையைச் செய்யும் ஹாட்ச்லிங் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். அதுவும் பெப் 440-ஐத்தான் பார்க்கும், ஆனால் பக்கத்தில் என்ன இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்று எட்டிப் பார்க்காது. என் பழைய புராஜெக்டுகள் செட்அப்டூல்ஸிலேயே இருக்கும். அவற்றை மாற்றி எழுதும் பொறுமை இந்த வாரம் எனக்கு இல்லை.