வெள்ளித் துகள் பூசிய கண்ணாடித் தகடுகள்: மங்கலான சாயங்களுக்கு உதவும், மற்றவற்றுக்கு வேண்டாம்

சாயங்களின் புளோரசன்ஸ் ஒளிர்வை (ஒளியை உறிஞ்சி வேறு நிற ஒளியாக உமிழ்வதை) பல மடங்கு கூட்டித் தரும் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும், வெள்ளி நானோ துகள் பூசிய கண்ணாடித் தகடுகளை எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கினோம். தகடுகள் தேன் நிறத்தில் இருக்கின்றன. துகள்களிலுள்ள எலெக்ட்ரான்கள் ஊதா, நீல ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் நிறம் அது. தகட்டின் ஒரு பாதியில் பூச்சு இல்லாததால், ஒரே தகட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடிவது நல்ல ஏற்பாடு.

ரோஸ் பெங்கால் என்ற சாயத்தின் கரைசலை இட்டபோது வெள்ளிப் பாதி தெளிவாகவே கூடுதலாக ஒளிர்ந்தது. புளோரசீன் என்ற சாயத்தில் வித்தியாசம் சொல்லும்படியாக இல்லை. இதில் வியப்பில்லை. ரோஸ் பெங்கால் நீரில் தான் உறிஞ்சும் நூறு ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) ஏறத்தாழ இரண்டைத்தான் ஒளியாகத் திருப்பித் தருகிறது. காரக் கரைசலில் புளோரசீனோ தொண்ணூறுக்கு மேல் தந்துவிடுகிறது. வெள்ளித் துகள், தன் அருகே விழும் ஒளியைச் செறிவாக்குவதோடு, கிளர்ச்சியுற்ற மூலக்கூறு ஆற்றலை வெப்பமாக இழப்பதற்கு முன்பே ஒளியாக உமிழும்படி அதன் வேகத்தையும் கூட்டுகிறது. ஏற்கெனவே முழுத் திறனோடு ஒளிரும் சாயத்துக்கு இந்த இரண்டாவது உதவியால் பெரிதாக ஆதாயமில்லை. எனவே எந்தச் சாயத்தில் அளந்தது என்று சொல்லாமல் 'இத்தனை மடங்கு' என்று அச்சிடுவதில் பொருளில்லை.

கரடான வெள்ளிப் பரப்பில் சாயம் அதிகமாக ஒட்டிக்கொண்டாலும் ஒளிர்வு கூடியதுபோலத் தோன்றும். ஒளிர்வு கூடும்போது அதன் ஆயுட்காலமும், அதாவது கிளர்ச்சியுற்ற மூலக்கூறு ஒளியை உமிழ எடுக்கும் சராசரி நேரமும், குறைகிறதா என்று அளந்து பார்ப்பதே நம்பத்தக்க சோதனை; சாயமில்லாத வெறும் தகடு சிதறடிக்கும் ஒளியையும் கழித்துவிட வேண்டும்.

என் பெரிய குறை இடைவெளியைப் பற்றியது. சாயம் உலோகத்தை ஒட்டினாற்போல் இருந்தால் ஆற்றல் உலோகத்துக்கே போய் ஒளிர்வு தணிந்துவிடும். 2006இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் நோவோட்னியின் குழு ஒரு தங்கத் துகளை ஒற்றை மூலக்கூறை நோக்கி நகர்த்தி, ஒளிர்வு ஏறிக்கொண்டே வந்து கடைசிச் சில நானோமீட்டரில் சரிவதை நேரடியாகக் காட்டியது. ஆகவே துகள்களின் மேல் சாயத்தை விலக்கி வைக்கும் சிலிக்கா அடுக்கு இருக்கிறதா, எத்தனை நானோமீட்டர் என்பது வாங்குபவருக்கு அவசியமான தகவல். கையேட்டில் அது இல்லை. எழுதிக் கேட்டதற்கும் மழுப்பலான பதிலே வந்தது. சாயத்தை எதிர்ப்பொருளில் (antibody) இணைத்துச் செய்யும் சோதனைகளை இது அவ்வளவாகப் பாதிக்காது, ஏனெனில் எதிர்ப்பொருளே சுமார் பத்து நானோமீட்டர் நீளமுள்ளதால் தேவையான விலகல் தானாகவே கிடைத்துவிடுகிறது. சாயத்தை நேரடியாகத் தகட்டில் இடுபவர்களுக்குத்தான் சிக்கல்.

உப்பு கலந்த தாங்கல் கரைசலில் (buffer) நெடுநேரம் வைத்தால் குளோரைடு வெள்ளியை அரிப்பதால் தேன் நிறம் வெளிறிவிடுகிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் கெடுக்கும். உறையைப் பிரித்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும்.

வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ் மூன்றும் இருந்தால் இத்தகைய பூச்சை ஆய்வகத்திலேயே மலிவாகச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக வராது. அந்தச் சீருக்காக இந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனாலும், அடுத்த ஆர்டரை அடுக்கின் தடிமனை எழுத்தில் தரும் நிறுவனத்துக்கே கொடுப்போம்.