நான்கு ஆண்டுகளாகக் கையில் இருக்கும் ஃபிட்னஸ் பேண்ட்: மாற்ற வேண்டுமா?

2021 ஜூலையில், கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்திருந்த நேரத்தில் இந்தக் கைப்பட்டையை வாங்கினேன். ஆக்சிமீட்டருக்காக மருந்துக் கடைகளில் அலைந்த நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. ஆகவே ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் இது காட்டும் என்பதுதான் என்னை வாங்க வைத்தது. அதே நாட்களில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், தினமும் நடக்கும்படி அறிவுறுத்தியிருந்தார். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. புதியது வாங்கி அனுப்புகிறேன் என்று கோவையில் வேலை பார்க்கும் மகள் பொங்கலிலிருந்தே சொல்லி வருகிறாள். கணக்கு ஆசிரியையாக இருப்பதாலோ என்னவோ, அளந்து பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவருக்கு அவள் வாங்கித் தந்த புதிய பட்டையில் என் உயரம், எடை, வயது ஆகியவற்றைப் பதிவு செய்து, மே விடுமுறையில் மூன்று வாரம் இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாக அணிந்துகொண்டேன்.

நான் நடப்பது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி. குளம் ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. வெளிப்புறமாக ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டருக்குக் குறையாது, நான்கு சுற்றுக்கு 4.8 கிலோமீட்டர். கைப்பட்டையைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் மதுரையில் எனக்குத் தெரிந்து இல்லை. பழைய பட்டையில் ஜிபிஎஸ் கிடையாது. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், கையசைவை வைத்துக் காலடிகளை எண்ணி, நம் உயரத்திலிருந்து ஒரு காலடியின் நீளத்தை அதுவாகவே ஊகித்து, இரண்டையும் பெருக்கித் தூரத்தைச் சொல்கிறது. நான்கு சுற்றுக்கு அது காட்டுவது 5.3 கிலோமீட்டர். நான் வைப்பது ஏறத்தாழ 7,400 அடிகள். அப்படியானால் என் அடியின் நீளம் 65 சென்டிமீட்டர்தான், பட்டையோ அதைவிட நீளமாக எடுத்துக்கொள்கிறது. சேலை கட்டிக்கொண்டு நடக்கும் நாட்களில் அடி இன்னும் குறுகுவதால் பிழை மேலும் கூடுகிறது. அடியின் நீளத்தை நாமே பதிவிட இந்தச் செயலியில் வழி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும் புதிய பட்டை அதே நான்கு சுற்றுக்கு 4.9 காட்டியது. இது உண்மையான முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள்தோறும் ஒரே குளத்தைச் சுற்றுகிறவளுக்குத் தூரத்தைக் குளமே சொல்லிவிடுகிறது. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறி இறங்கும் என் சக ஆசிரியரைப் போல இடம் மாற்றி மாற்றி நடப்பவர்கள், கைபேசியை எடுத்துச் செல்ல விரும்பாவிட்டால், இந்த ஒரு காரணத்துக்காகவே புதியதற்கு மாறலாம்.

அடிகளை எண்ணுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் செய்யும் தவறுகளும் ஒன்றே. பட்டை கட்டிய கையில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கை வீசாததால் பல அடிகள் விடுபடுகின்றன. மேடுபள்ளமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினால் நடக்காத அடிகள் சேர்கின்றன. மணிக்கட்டில் இருந்துகொண்டு காலை அளக்கும் எந்தக் கருவிக்கும் இந்தக் குறை ஓரளவு இருக்கும், விலையைக் கூட்டிக் கொடுப்பதால் மறைந்துவிடாது. இரண்டிலும் தொடக்க இலக்கு 10,000 அடிகள்தான். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு கருவியிலிருந்து பரவியது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 7,500 அடிகள் வரைதான் இறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது, அதன் பிறகு பெரிய மாற்றமில்லை. நான் அவர்களைவிட இளையவள் என்றாலும் என் இலக்கை 8,000-ஆக வைத்துக்கொண்ட பிறகு எட்டாத எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோவது நின்றது. அதற்குப் புதிய பட்டை தேவைப்படவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதயத்துடிப்புதான். பட்டையின் அடியில் மின்னும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சுகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் நாளத்தில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறுவதைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறார்கள். உட்கார்ந்த நிலையில் விரலால் நாடி பிடித்து எண்ணிப் பார்த்தபோது இரண்டு பட்டைகளும் ஓரிரு துடிப்புக்குள் சரியாகவே சொன்னன. ஆனால் நாள் முடிவில் 'ஓய்வு நிலைத் துடிப்பு' என்று தரும் எண்ணில் பழையது 68 என்றால் புதியது 64 என்றது, மூன்று வாரமும் ஏறத்தாழ இதே இடைவெளி. எந்த நேரத்துத் துடிப்பை ஓய்வு நிலையாகக் கொள்வது என்பதை ஒவ்வொரு செயலியும் தன் வழியில் கணக்கிடுவதால் இப்படி வேறுபடலாம். 2021-இல் 76 ஆக இருந்த என் எண் நடக்க நடக்க 68-க்கு இறங்கியதை ஒரே கருவியில், ஒரே முறையில் பார்த்து வந்திருக்கிறேன். நாளை புதியதை மாட்டிக்கொண்டால் நான்கு துடிப்பு குறைந்தது என் உடம்பாலா கருவியாலா என்று எப்படிப் பிரித்தறிவது? மாற்றுகிறவர்கள் சில வாரங்களாவது இரண்டையும் சேர்த்து அணிந்து, வித்தியாசத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை அழுத்தமாகவே சொல்வேன்.

வாங்கத் தூண்டிய ஆக்சிஜன் அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டிய வேளையில் பட்டை 93 காட்டிப் பயமுறுத்தியது. சற்றே இறுக்கிக் கட்டி, கையை அசைக்காமல் வைத்தபோது 97 வந்தது. மருத்துவ முடிவுக்கு அதை நம்பக் கூடாது.

அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வை தங்கி, ஸ்ட்ராப்புக்கு அடியில் தோல் சிவந்து அரிக்கும். தினமும் சோப்பு நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் கழற்றி வைத்ததில் சரியானது. ஸ்ட்ராப் இரண்டு முறை அறுந்தது, டவுன்ஹால் ரோட்டில் ஒவ்வொரு முறையும் இருநூறு ரூபாய்க்குள் மாற்றிவிட்டேன். பேட்டரி வாங்கிய புதிதில் பதினோரு நாள் நின்றது, இப்போது ஐந்து நாள். லித்தியம் பேட்டரி ஏற ஏற இறங்க இறங்கத் தேய்வது இயல்பு, அதைக் கழற்றி மாற்றும்படி இந்தப் பட்டையை அமைக்கவும் இல்லை. புதனும் ஞாயிறும் குளிக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுவிடுகிறேன்.

புதிய பட்டையின் திரை ஒன்றுக்குத்தான் மனம் உண்மையாகவே ஏங்கியது. வெள்ளெழுத்து வந்துவிட்ட கண்ணுக்கு அதன் பெரிய எண்கள் கண்ணாடி இல்லாமலே தெரிகின்றன. பள்ளி மைதானத்து உச்சி வெயிலிலும் படிக்க முடிகிறது. பழையதைக் கையால் மறைத்து நிழலாக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். சார்ஜ் இரண்டு நாள்கூட நிற்காமல் போகும்போதோ, செயலி என் கைபேசியில் இயங்காமல் போகும்போதோ மாற்றுவேன். அப்போதும் பழைய பதிவுகள் தொடரும்படி அதே செயலியில் இணையும் பட்டையாகத்தான் பார்ப்பேன், திரை பெரியதாக இருக்க வேண்டும், ஜிபிஎஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கணவரின் பட்டையில் அவருடைய உயரத்தையும் எடையையும் மீண்டும் பதிவு செய்து கொடுத்தாகிவிட்டது. இப்போது அவரும் என்னோடு விடியற்காலையில் தெப்பக்குளத்துக்கு வருகிறார்.