அப்பாவின் சான்ட்ரோவுக்கு எந்த ஆயில்? திருச்சியில் நாலு நாள் அலைச்சல்

கனடாவின் எட்மன்டனில் இருந்து மூன்று வார லீவில் திருச்சி போயிருந்தேன். கையில் நாலு வேலை: ஆதாரில் முகவரி மாற்றம், பேங்க் கேஒய்சி, அம்மாவின் கண் பரிசோதனை, அப்பாவின் கார் சர்வீஸ். முதல் மூன்றும் நான் பயந்த மாதிரி இல்லை, காலையிலேயே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் முடிந்துவிடுகிறது. நாலாவதுதான் நாலு நாள் இழுத்தது, அதில் பாதி என் வாயால் வந்தது.

கார் 2009 சான்ட்ரோ, 1086 சிசி பெட்ரோல். அப்பா 2014இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெட்ரோல் போடும்போதெல்லாம் டைரியில் கிலோமீட்டர் எழுதி வைக்கிற ஆள் அவர். புரட்டிப் பார்த்தால் மொத்தம் 84,000 சொச்சம், ஆனால் கடைசி ஒரு வருடத்தில் ஓடியது வெறும் 1,900. தில்லை நகரில் இருந்து தென்னூர் உழவர் சந்தை, சனிக்கிழமை ஸ்ரீரங்கம், எப்போதாவது தஞ்சாவூர், அவ்வளவுதான். ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தது. "5,000 கிலோமீட்டர் ஆகலையேடா" என்றார். கணக்கு சரிதான், ஆனால் நிற்கிற வண்டியிலும் ஆயில் கெடும். இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் சந்தை வந்துவிட்டால், உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடேயே தங்கிவிடும். அதனால்தான் எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்று போடுகிறார்கள். அந்த இரண்டாவது பாதியை நம் வீடுகளில் யாரும் படிப்பதில்லை.

முதலில் போனது கண்ணாடி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம். ஏசி, காபி, டேப்லெட்டோடு ஒரு தம்பி, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பானட்டைக்கூடத் திறக்காமல் எஸ்டிமேட் வந்தது: ஃபுல் சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரித்த, விலை கூடிய) ஆயில், இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே ஊற்றிக் கழுவும் திரவம்), ஆயிலில் கலக்க ஒரு பாட்டில், ஏசி கிளீனிங், இன்னும் என்னென்னவோ சேர்த்து 8,900 ரூபாய். ஃப்ளஷ் எதற்கு என்று கேட்டேன். "பழைய வண்டி சார், எல்லாருக்கும் போடுறோம்" என்றார். பழைய வண்டி என்பதால்தான் எனக்குப் பயமே. அடியில் கசடு சேர்ந்திருக்கும் இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால் அது கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளலாம், அப்புறம் மேலே ஆயில் ஏறாது. யோசித்துச் சொல்கிறேன் என்று காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஆனால் சிந்தெடிக் என்கிற வார்த்தை மட்டும் என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. எட்மன்டனில் என்னுடையதும் பழைய வண்டிதான், அதற்கு நான் 0டபிள்யூ-20 (இந்த எண்களின் அர்த்தம் கீழே வருகிறது) ஃபுல் சிந்தெடிக் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. மைனஸ் 30இல் சாவியைத் திருப்பும்போது சாதா ஆயில் தேன் மாதிரி கெட்டியாக நிற்கும், சிந்தெடிக் ஓடும். அந்தப் பழக்கத்தில் அப்பாவிடம், காசு நான் தருகிறேன், நல்லதாகவே போடுவோம் என்று அளந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பாலக்கரைப் பக்கம் அப்பாவின் பழைய மெக்கானிக்கிடம் போனோம். எல்லாருக்கும் அவர் பாய்தான். அவர் முதலில் செய்தது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தது. பழுப்பு படிந்திருக்கிறது, கசடு இல்லை, மூடியில் பால் மாதிரி வெள்ளை எதுவும் இல்லை, அதனால் தண்ணீர் கலக்கவில்லை. அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக். அப்புறம் என்னை ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். நீலமாக வரவில்லை. வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அப்படி எரிகிற இன்ஜினில் விலை கூடிய ஆயிலை ஊற்றுவது காசை எரிப்பதுதான். இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கில் மட்டும் லேசான கசிவு.

நான் விடாமல் சிந்தெடிக் என்றேன். "தம்பி, பழைய வண்டியில சிந்தெடிக் ஊத்தினா சீல் எல்லாம் ஒழுகும். 20டபிள்யூ-40 போடுங்க, வருஷா வருஷம் மாத்துங்க."

ஒழுகும் என்பது பாதி உண்மை. 1970களில் வந்த ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்கள் சிலவற்றில் ரப்பர் சீல்கள் சுருங்கியது நடந்ததுதான். இப்போது வருபவற்றில் அதற்கான சரக்கைச் சேர்த்துவிடுகிறார்கள். ஏற்கெனவே வெடித்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், அந்த அழுக்கு கழன்று கசிவு வெளியே தெரியும், அவ்வளவுதான். இன்னொரு குழப்பம் சிந்தெடிக் என்றாலே தண்ணியாக இருக்கும் என்பது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கனம் என்பதற்கு. 5டபிள்யூ-40 சிந்தெடிக்கும் 20டபிள்யூ-40 மினரலும் (சாதா ஆயிலைத்தான் மினரல் என்பார்கள்) சூடான இன்ஜினில் ஒரே வகுப்புதான். 5டபிள்யூ-30 ஊற்றினால்தான் கனம் குறையும், அது மினரலோ சிந்தெடிக்கோ.

இதையெல்லாம் பாயிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்பா வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுறாரு?" என்றார்.

1,900 என்றேன், அதற்கு மேல் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. சிந்தெடிக்குக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? கடும் குளிரில் ஓடுவதற்கு, கடும் சூட்டில் சீக்கிரம் கெடாமல் இருப்பதற்கு, அதிகக் கிலோமீட்டர் தாங்குவதற்கு. திருச்சியில் குளிர் கிடையாது. வருடம் 1,900 ஓடுகிற வண்டிக்கு அதிகக் கிலோமீட்டர் தாங்கி என்ன பயன், எப்படியும் வருடம் ஒருமுறை வடித்துக் கொட்டத்தானே போகிறோம். வண்டியின் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன், ஊர்ச் சூட்டுக்கு ஏற்ப ஒன்றுக்கு மேல் கிரேடு கொடுத்திருக்கிறார்கள். 20டபிள்யூ-40, ஏபிஐ எஸ்என் தரம், மினரல். முடிந்தது.

ஆனால் இதே பதிலை எல்லா வண்டிக்கும் கொண்டுபோகாதீர்கள். சென்னையில் அக்கா வீட்டில் 2013 ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி. அத்தான் தினமும் ஓஎம்ஆர் நெரிசலில் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு யாரோ ரோட்டோர மெக்கானிக் கனமான மினரலை ஊற்றியிருந்தார். அது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இருக்கும் வண்டி, டர்போவின் தண்டு சுற்றுவது ஆயிலில்தான், சூடும் பயங்கரம். டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பதும் ஆயில் பிரஷர்தான். அதற்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக்தான் போட வேண்டும், அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் செலவு லட்சத்தில் வரலாம். அத்தானிடம் சொல்லி மாற்ற வைத்துவிட்டுத்தான் ஃப்ளைட் ஏறினேன். (அவர் மிச்ச ஆயிலைத் தன் பைக்கில் ஊற்றப் பார்த்தார். பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்று போட்டது வேண்டும், கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம்.)

ஆயிலை நீங்களே கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். சீல், தயாரித்த தேதி, எம்ஆர்பி மூன்றையும் பாருங்கள், போலி நிறைய ஓடுகிறது. பாய் ஊற்றி முடித்ததும் காலி கேனில் ஸ்க்ரூடிரைவரால் நாலு குத்து குத்தினார், இல்லாவிட்டால் அதே கேனில் வேறு எதையாவது அடைத்து விற்றுவிடுவார்களாம். வடித்த கறுப்பு ஆயிலை ஒரு சென்ட்ரிங்காரர் பலகையில் தடவ வாங்கிக்கொண்டு போனார். எட்மன்டனில் அதைத் திருப்பிக் கொடுக்க டிப்போவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறேன்.

செலவு: ஆயில் 1,290, ஃபில்டர் 180, வாஷர் 20, கூலி 300. பேக்கிங் மாற்ற 450. மொத்தம் 2,240 ரூபாய். பில் கிடையாது, அப்பாவின் டைரியில் ஒரு வரிதான். போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை முடித்துச் சாப்பிட்டு 3 மணிக்கு மேல்தான் பட்டறையைத் திறப்பார். நாங்கள் ஒருநாள் அப்படிப் போய் வெயிலில் நின்றதும் அந்த நாலு நாள் கணக்கில் சேர்த்தி.